மூன்றாம் நாள் தட்டு

இரண்டாம் நாள் காலையில் தட்டுகளைக் கழுவப் போட்டுவிடுவது எங்கள் ஆய்வுகூடத்து வழக்கம். அடுத்த மேசை மிஸ் மட்டும் போடமாட்டார். பார்த்து, எழுதி, முடிவும் அனுப்பியாகிவிட்ட தட்டை மறுபடி பெட்டிக்குள் தள்ளிவிட்டு, "கிடக்கட்டும்" என்பார். மூன்றாம் நாள் காலையில் வந்ததும், கைப்பையைக் கூடக் கீழே வைக்காமல், அந்தத் தட்டை எடுத்து லென்ஸால் பார்ப்பார்.

எழுபதுகளின் கடைசி. கண்டியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அதன் பின்பக்கத்தில், நோய்க்கிருமிகளை வளர்த்துப் பார்க்கும் அறையில் நாங்கள் வேலை செய்தோம். சீழ், சளி, சிறுநீர் எது வந்தாலும், இரத்தம் கலந்த ஜெல்லி ஊற்றிய கண்ணாடித் தட்டில் கோடு கோடாக இழுத்து, உடம்புச் சூட்டிலேயே இருக்கும் பெட்டிக்குள் வைப்போம். விடிவதற்குள் ஒவ்வொரு கிருமியும் கோடியாகப் பெருகி, கண்ணுக்குத் தெரிகிற ஒரு புள்ளியாகிவிடும். அதைக் கொலனி என்போம். அவற்றில் வாட்டசாட்டமான ஒன்றைக் கம்பியால் தொட்டெடுத்து, எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்த்து எழுதி அனுப்பினால் எங்கள் வேலை தீர்ந்தது.

வாட்டசாட்டமான ஒன்று. கதையே இந்த இடத்தில்தான் இருக்கிறது. நான் எப்போதும் அழகான கொலனியைத்தான் எடுப்பேன். பெண் பார்க்கப் போன வீட்டில் மூத்தவளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிற ஆள் நான். அவரோ ஒரு தட்டில் ஐந்து கொலனி எடுப்பார். பெரியது ஒன்று, சிறியது ஒன்று, விளிம்பு நெளிந்தது ஒன்று, நிறம் மங்கியது ஒன்று, பிறகு எதுவும் விசேஷமில்லாத ஒன்று. என் மேசையில் ஒரு நாளைக்கு முப்பது நோயாளிகளின் வேலை முடியும். அவர் மேசையில் பன்னிரண்டு முடிந்தால் பெரிய காரியம்.

அவர் யாழ்ப்பாணத்தவர். நான் மஹய்யாவயில் நகரசபைத் தொழிலாளரின் லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவன். இருவருக்கும் ஒரே வயது, ஒரே படிப்பு, அடுத்தடுத்த மேசை. ஆஸ்பத்திரி வழக்கப்படி நான் அவரை 'மிஸ்' என்பேன். அவர் என்னை 'நீர்' என்பார். ஆரம்பத்தில் அந்த 'நீர்' எனக்குச் சுருக்கென்று தைத்தது. சமவயதுக்காரரை மரியாதை குறையாமல் கூப்பிடும் அவர் ஊர் வழி அது என்று தெரிய ஆறு மாதம் பிடித்தது. அதுவரை முறைத்துக்கொண்டு திரிந்தேன்.

தட்டு கழுவும் பண்டாவுக்கும் அவருக்கும் தினமும் சண்டை. அந்தக் காலத்தில் கண்ணாடித் தட்டுகள். கழுவிக் கழுவித்தான் பாவிக்க வேண்டும். பண்டா வாசலில் நின்று, தெரிந்த தமிழில் முறையிடுவார்.

"மிஸ், தட்டு இல்லே. எல்லாம் மிஸ்கிட்ட. எனக்குக் கழுவ ஒன்னும் இல்லே."

"நாளைக்குத் தாறன், பண்டா."

"நேத்தும் நாளைக்குதான் சொன்னது."

நான் பண்டாவின் கட்சி. தட்டு இல்லாமல் என் வேலையும் நின்றதால் மட்டுமல்ல. முடிந்த விஷயத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது எனக்கு அடியோடு பிடிக்காது.

ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, அவர் காதில் விழும்படி சொன்னேன்.

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சும்மாவா சொன்னாங்க? சில பேரு பானை முழுக்க நசுக்கிப் பாக்குறாங்க."

அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. வாயிலிருந்ததை நிதானமாக மென்று விழுங்கினார்.

"சோறு எண்டா சரி. அது வெந்திட்டுது. இனி அது பெருகாது, மாறாது. உயிரோட இருக்கிறதுக்கு அந்தப் பழமொழி சொல்லேலாது."

நான் சம்பலைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அவருக்கு ஊரிலிருந்து மாம்பழப் பெட்டி வரும். கறுத்தக் கொழும்பான், வைக்கோல் சுற்றி, மரப்பெட்டியில். பெட்டி வந்த நாள் எங்களுக்குச் சோதனை. ஆளுக்கொரு பழம் கொடுத்தால் தின்றுவிட்டுப் போவோம். அவரோ ஆறு பழத்தை எடுத்து வெட்டி, ஆறிலும் ஒவ்வொரு துண்டு எடுத்து ஒவ்வொருவர் கையிலும் வைப்பார். ஒரே மரம், ஒரே நாள் பறித்தது. ஒன்று தேன், ஒன்றில் அடியில் ஒரு புளிப்பு, இன்னொன்றில் லேசாகப் பிசின் வாசம்.

"எல்லாம் ஒரே மாதிரியே இருக்கு?" என்று கேட்டுவிட்டு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பழத்தைவிட எங்கள் முகத்தைப் பார்ப்பதில்தான் அவருக்கு ருசி என்று நினைக்கிறேன். பண்டாவுக்கு மட்டும் ஆறும் ஒன்றாகவே இனித்தது. அதையும் அவர் அக்கறையாகக் கேட்டுக்கொண்டார்.

மனிதர்களிலும் அப்படித்தான். யாராவது, "அந்த வார்டு ஆட்களே இப்படித்தான்" என்றால், "எத்தனை பேரைப் பாத்தனீர்?" என்பார். குத்தலாகக் கேட்கமாட்டார். எண்ணிக்கை தெரிய விரும்புகிறவர் போலவே கேட்பார். அதுதான் இன்னும் எரிச்சல். பேச்சு அதோடு படுத்துவிடும்.

நான் அப்படி முடிவு கட்டிய ஒருவருக்கு வருகிறேன்.

தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஓர் அம்மா வருவார். கொழுந்து பறிப்பவர். மகள் செல்விக்குப் பதினொரு வயது. முழங்காலுக்குக் கீழே எலும்புக்குள் சீழ் பிடித்திருந்தது. வார்டில் வைத்து ஊசி போடுவார்கள், புண் மூடும், குளிசை கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். சில மாதத்தில் அதே இடத்தில் மறுபடி வாய் திறக்கும். சீழ் எடுத்த குப்பியை அந்த அம்மாவின் கையிலேயே கொடுத்து எங்களிடம் அனுப்புவார்கள். கைலேஞ்சியில் சுற்றி, முட்டை கொண்டுவருகிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பார். கதிரை கிடந்தாலும் உட்காரமாட்டார்.

இரண்டு தடவையும் அந்தச் சீழ் என் மேசைக்குத்தான் வந்தது. இரண்டு தடவையும் மறுநாளே பொன்னிறத்தில், உருண்டு திரண்ட கொலனிகள். எலும்பில் சீழ் வைக்கிற கிருமிகளில் நாங்கள் அடிக்கடி காண்கிற வகை. ஒன்றைத் தொட்டெடுத்தேன். ஊசிக்கும் செத்தது, குளிசைக்கும் செத்தது. எழுதினேன். இரண்டாம் நாள் தட்டைக் கழுவப் போடும்போது, அந்தப் பொன்னுருண்டைகளுக்கு நடுவே ஊசிமுனை அளவில் தூசி போல ஏதோ இருந்தது. பதிவுக் கொப்பியில் 'வெளிக் கலப்பு' என்று எழுதிவிட்டுத் தட்டைப் பண்டாவிடம் கொடுத்தேன். இரண்டு தடவையும் அதே சொல், அதே கையெழுத்து.

மருந்துக்குச் சாகிற கிருமி திரும்பத் திரும்ப வந்தால் என்ன அர்த்தம்? மருந்து உள்ளே போகவில்லை என்று அர்த்தம். சத்திரசிகிச்சை டொக்டர் அப்படித்தான் சொன்னார்: தோட்டத்து ஆட்கள், வீட்டுக்குப் போனால் குளிசையைச் சரியாகக் கொடுப்பதில்லை. நானும் அப்படியே நம்பினேன். லயத்தில் பிறந்தவன் நான், எனக்குத் தெரியாதா? அந்த அம்மா இரண்டாம் தடவை குப்பியோடு வந்தபோது வாசலில் நிறுத்தி வைத்துப் பேசினேன்.

"ஏம்மா, விடிய பெரட்டுக்கு, கொழுந்து பறிக்கப் போயிட்டா புள்ளைக்கு யாரு குளிசை குடுக்குறது? நீங்க ஒழுங்கா குடுத்தா இது ஏன் திரும்பி வருது?"

"குடுத்தேங்கய்யா. மூணு வேளையும் குடுத்தேன். ஒவ்வொரு வேளைக்கும் சுவத்துல கரிக்கோடு போட்டு வச்சிருக்கேன்."

"கோடு போட்டா போதுமா? குளிசை வயித்துக்குள்ள போகணும்."

அவர் கைலேஞ்சியை மடித்துக்கொண்டார். போகும்போது மெதுவாக, "ஒரு நாளு விட்டுப் போச்சோ என்னமோ" என்றார். என்னிடம் சொன்னதா, தனக்கே சொன்னதா, தெரியவில்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் தடவை புண் திறந்தபோது டொக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். கிருமி மேலே ஏறுமுன் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட வேண்டும். நாளும் குறித்தாயிற்று. சம்பிரதாயத்துக்கு ஒரு தடவை சீழ் எடுத்து அனுப்பினார்கள்.

நான் அப்போது மாத்தளைத் தேருக்கு லீவில் போயிருந்தேன். குப்பி அவருடைய மேசைக்குப் போனது.

தேர் பார்த்த களைப்போடு வேலைக்குத் திரும்பினால், அவர் கைப்பை தோளிலிருக்க, லென்ஸைக் கண்ணில் வைத்தபடி நிற்கிறார்.

"இஞ்ச வாரும். இதைப் பாரும்."

பார்த்தேன். மூன்றாம் நாள் தட்டு. பொன்னுருண்டைகள் தடித்துப் போயிருந்தன. அவற்றுக்கு நடுவே என் தூசி. மூன்று நாளானதில் தூசி கொஞ்சம் பருத்து, நிறமில்லாத சின்னஞ்சிறு கொலனிகளாக, ஒழுங்காகக் கோட்டிலேயே நின்றது. காற்றில் வந்து விழுந்த தூசி நாங்கள் இழுத்த கோட்டின் மேலேயே வரிசையாக நிற்காது. இதுகூட எனக்கு அதுவரை தோன்றவில்லை.

"இது வேற கிருமிங்களா மிஸ்?"

"அதைத்தான் கேக்கோணும்."

அடுத்த சில நாள் அவருக்குச் சாப்பாடு தண்ணீர் நினைவில்லை. கால் எடுக்கக் குறித்த நாளைத் தள்ளிவைக்கச் சொல்லி வார்டுக்குக் கடிதம் எழுதிவிட்டு, அந்தச் சின்னதில் ஒன்றை மட்டும் தொட்டு, மருந்தில்லாத புதுத் தட்டில் இழுத்தார். மெல்ல மெல்லச் சின்னதாகவே வளர்ந்தது. அதிலிருந்து இன்னொரு தட்டு. அதிலிருந்து இன்னொன்று. நான்காம் தட்டில், அத்தனை ஊசிமுனைகளுக்கு நடுவே, பொன்னிறத்தில் கொழுத்த ஓர் உருண்டை உட்கார்ந்திருந்தது. அவர் சத்தமாகச் சிரித்ததை நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

"ஒரே குடும்பம்! ஒரு வயித்துப் பிள்ளையள். பாத்தீரே, ஒருத்தன் பழைய குணத்துக்குத் திரும்பிட்டான்."

பிறகு சின்னதுகளை மட்டும் எடுத்து மருந்துக்கு வைத்துப் பார்த்தார். அந்த ஊசி மருந்து அவற்றை ஒன்றும் செய்யவில்லை.

எனக்குப் புரியவில்லை. "அப்ப மருந்தைப் பாத்து பயந்து உருவம் மாத்திக்கிச்சா?" என்று கேட்டேன். அவர் கதிரையை என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"இல்லை. அதுகளுக்குப் பயமும் இல்லை, புத்தியும் இல்லை. ஒவ்வொண்டும் ரெண்டாப் பிரியேக்கை, தன்னை முழுக்கப் பாத்து எழுதி மற்றதுக்குக் குடுக்குது. கோடிக்கணக்கா எழுதினா எங்கையும் பிழை வரும்தானே? அநேகம் பிழை அதைச் சாக்காட்டிப்போடும். சில பிழை சோம்பேறி ஆக்கும், வளராது. நல்ல காலத்தில அந்தச் சோம்பேறியை ஆரும் கணக்கெடுக்கிறதில்லை. மருந்து வந்து கெட்டிக்காரரை எல்லாம் அள்ளிக்கொண்டு போகேக்கைதான் சோம்பேறி மிஞ்சுறான். அந்தக் குளிசையும் வளருறதைத்தான் கொல்லும். இவன் வளராமல் குந்திக்கொண்டிருக்கிறான். மருந்தை நிப்பாட்டினாப் பிறகு, இவன்ர பிள்ளையளில ஒண்டு திரும்பக் கெட்டிக்காரனாப் பிறக்கும். புண் திறக்கும். நாங்கள் அந்தக் கெட்டிக்காரனை மட்டும் தொட்டு, மருந்துக்குச் சாகுது எண்டு எழுதுவம்."

"பிழையிலயா பொழைக்குதுங்க?"

"ஓம். எல்லாரும் ஒரே மாதிரி இருந்தா ஒரு மருந்தில முழுக் குடியும் முடிஞ்சுபோம். பிழை மட்டும் இல்லை. இன்னொரு வகைக் கிருமி பக்கத்தில நிண்டா, அதிட்டையும் கொஞ்சம் எழுத்து வாங்கும். வேலிக்கு மேலால சீனி வாங்கிற மாதிரி."

'நாங்கள்' என்றார். தொட்டவன் நான், எழுதியவன் நான். அவருடைய 'நாங்கள்' என்னைச் சுட்டது. பதிவுக் கொப்பியில் என் 'வெளிக் கலப்பு' இரண்டும் அவர் மேசையில் திறந்தபடி கிடந்தன. அவர் படித்துவிட்டார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

முடிவுத் தாளில் அவர் ஒரே வரிதான் எழுதினார்: 'எழுதி விளங்கப்படுத்த முடியாது, தயவுசெய்து நேரில் வந்து பார்க்கவும்.' டொக்டர் கோபத்தோடு இறங்கி வந்தார். மிஸ் லென்ஸை நீட்டினார். டொக்டர் குனிந்தவர் நிமிர நேரமெடுத்தது.

"இதை ஏன் முந்தின ரெண்டு தடவையும் எனக்குச் சொல்லவில்லை?"

மிஸ் என் பக்கம் திரும்பவே இல்லை.

"அந்தத் தட்டுகள் இப்ப இல்லை, டொக்டர். மூண்டாம் நாள் வைச்சுப் பாக்கிற வழக்கம் எங்களிட்ட இல்லை. இனி வைப்பம்."

பொய்யில்லை. ஆனால் அதில் என் பெயரும் இல்லை. டொக்டர் போனதும் மிஸ் தட்டை மூடிக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"டொக்டருக்கு நான் சொல்லிப்போட்டன். அந்த மனுசிக்கு நீர்தான் சொல்லோணும்."

அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எடுத்திருந்தால் தேவலை. ஒரு சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன்.

செல்வியின் காலை வெட்டவில்லை. திறந்து, உள்ளே செத்துப் போயிருந்த எலும்புத் துண்டைக் கழற்றி எடுத்தார்கள். காசநோய்க்கென்று பூட்டிவைக்கும் சிவப்புக் குளிசையையும் இன்னொரு மருந்தையும் சேர்த்து மாதக்கணக்கில் கொடுத்தார்கள். சிவப்பைத் தனியாகக் கொடுத்தால் அதற்குச் சாகாத ஒருவன் கூட்டத்தில் சீக்கிரமே தலைதூக்கிவிடுவான், இரண்டு வேலியையும் ஒரே நேரத்தில் தாண்டுகிறவன் அரிது என்று மிஸ் விளக்கினார். அந்தக் குளிசை தின்றால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை போலிருக்கிறது. அந்த அம்மா பதறியடித்து எங்கள் வாசலுக்கு ஓடி வந்தார்.

"ஐயா, புள்ளைக்கு ரெத்தமா போகுதுங்க! நான் ஏதும் தப்பா குடுத்துட்டேனா?"

"இல்லம்மா, மருந்தோட சாயம்தான்" என்றேன். அப்போதே மற்றதையும் சொல்லியிருக்கலாம். அடுத்த மேசையில் அவர் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. நான் சொல்லவில்லை. பேனா மறுபடி ஓடியது.

அப்படியே ஒரு வருடத்துக்கு மேல் போயிற்று. நான் மூன்றாம் நாள் தட்டுப் பார்க்கப் பழகியிருந்தேன். பண்டா இப்போது எங்கள் இருவரோடும் சண்டை பிடித்தார். அழகில்லாத கொலனிகள் என் கண்ணில் படத் தொடங்கின. பட்டுவிட்டால் விட முடியாது, அது ஒரு பைத்தியம். பஸ்ஸில் போகும்போதுகூட, ஒரே வெள்ளைச் சட்டையில் ஏறுகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளில் எது எதிலிருந்து வேறு என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் காலை வாசலில் நிழல் தட்டியது. அந்த அம்மா. பக்கத்தில் செல்வி, இரண்டு காலில். லேசாகச் சாய்ந்து நின்றாள், அவ்வளவுதான். புண் மூடி ஒரு வருடம் ஆகிவிட்டதாம், இனி வரத் தேவையில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். எங்களுக்கென்று ஒரு பொட்டலம் தேயிலைத்தூள் கொண்டுவந்திருந்தார்.

"நீங்க அன்னைக்கு ஏசுனது நல்லதுக்குத்தாங்கய்யா" என்றார் அந்த அம்மா. "இந்த வாட்டி நான் ரொம்ப கவனமா குடுத்தேன். அதான் ஆறிடுச்சு."

அதைக் கேட்ட பிறகு என்னால் முடியவில்லை. எழுந்து நின்றேன்.

"அம்மா, நீங்க மொதல்லயும் சரியாத்தான் குடுத்தீங்க. தப்பு என்னோடது. அந்தக் கிருமில ரெண்டு விதம் இருந்திச்சு. நான் ஒன்ன மட்டும் பாத்துட்டு மத்தத தூசின்னு எழுதிட்டேன். ரெண்டு வாட்டியும். அதாலதான் புண்ணு திரும்பி வந்துச்சு."

ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, நான் சொன்னதில் தனக்கு வேண்டிய ஒன்றை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டவர் போலக் கேட்டார்.

"அப்ப நான் ஒரு நாளும் மறக்கலதானே, ஐயா?"

"மறக்கலம்மா. ஒரு வேளைகூட மறக்கல."

பின்னால் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. மிஸ் தன்னுடைய கதிரையைத் தூக்கி வந்து அந்த அம்மாவின் அருகில் வைத்துவிட்டு, திரும்பிப் போய் நின்றபடியே அன்றைய தட்டுகளைத் திறந்தார்.

மூன்று வருடமாக எங்கள் வாசலில் நின்றே பழகிய அந்த அம்மா அன்றுதான் உட்கார்ந்தார்.